எவாந்தெஸ் மகன் லாமோன்

லாமோன் உயிரோடு திரும்பி வந்த செய்தியை மெலித்தாவிடம் யாரும் மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு கோர்கோ வாசலிலேயே நின்று, கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்.

"உன் புருஷன் வந்திருக்காரு. கல்லறைப் பாதையில உக்காந்திருக்காரு. ஓடாத மெலித்தா. ஓடிப்போய்த் தொட்டுறாத."

மெலித்தா ஓடினாள்.

ஃபலெரோன் ஊரிலிருந்து துறைக்குப் போகும் பாதையின் ஓரத்தில் அவனுடைய கல்லறைக் கல் நின்றது. போன மாதம் அவள் கட்டிய கம்பளி நாடா இன்னும் அதில் இருந்தது. கல்லின் நிழலில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. இடது தோளில் தோல் தடித்து, நுகம் சுமந்த காளையின் கழுத்துபோல் கறுத்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கால்கள் தாமாக நின்றன.

"தொடக் கூடாதாம்," என்றான். குரல் அவனுடையதுதான். "திமோநாக்ஸ் பெரியப்பா வந்து சொல்லிட்டுப் போனாரு. எனக்குச் சடங்கெல்லாம் முடிஞ்சுபோச்சாமே. யாரு பண்ணினது?"

"நான்தான்," என்றாள் மெலித்தா.

எட்டு ஆண்டுகளுக்கு முன் கப்பல்கள் லாமோனையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போருக்குப் போயின. பெரும்பாலானவை திரும்பவில்லை. ஊரில் பல வீடுகளில் காத்திருந்தார்கள். லாமோனின் தாயும் காத்திருக்கலாம் என்றாள். மெலித்தாவால் முடியவில்லை. சடங்கு பெறாத உயிர் செத்தவர்களின் ஆற்றைக் கடக்க முடியாமல் இக்கரையிலேயே அலையும் என்று அவளுக்குத் தெரியும். அவன் குளிர் தாங்காதவன். மழைக்காலத்தில் இரண்டு போர்வை கேட்பவன். அந்தக் கரையில் அவன் நனைந்துகொண்டு நிற்பதை அவள் ஒவ்வோர் இரவும் பார்த்தாள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் வெறும் பாடையில் அவனுடைய மேலாடையை விரித்து, தலைமுடியை அறுத்துக்கொண்டு, ஊரைக் கூட்டி அழுது, கொண்டுபோய்ப் புதைத்தாள்.

"என் பிள்ளைய நீதான் கொன்ன," என்று மாமியார் சொன்னாள். சாகும்வரை அதையே சொன்னாள்.

சடங்கு முடிந்தவன் செத்தவன். கீழே இருப்பவர்கள் அவனை வாங்கிக்கொண்டார்கள். மேலே நடமாடினால் அது பிசகு. அவன் நுழையும் வீட்டின் அடுப்பு தீட்டுப்படும். அவன் குடித்த கோப்பையில் யாரும் குடிக்க முடியாது. கோயில் படியில் கால் வைக்க முடியாது. இதெல்லாம் ஃபலெரோனில் குழந்தைக்கும் தெரியும்.

அவள் அழவில்லை. எட்டு ஆண்டுகளுக்கான அழுகையை முன்பே அழுது முடித்திருந்தாள்.

"பசிக்குதா?" என்றாள்.

"பசிக்குது."

பரிகாரம் கேட்க திமோநாக்ஸ் குறி சொல்லும் தெல்ஃபி கோயிலுக்குப் புறப்பட்டார். லாமோனின் தந்தைக்கு அண்ணன் முறை அவர். குலத்தில் மூத்தவர். அவர் திரும்பும்வரை லாமோன் கல்லோடு இருந்தான்.

மெலித்தா தினமும் கூடை எடுத்துக்கொண்டு போனாள். வாற்கோதுமை அப்பம், வறுத்த நெத்திலி, ஒலிவக்காய். செத்தவர்களின் நாளில் எடுத்துப் போகும் அதே கூடை. கல்லின் அடியில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள். முன்பு வைத்ததைக் காகங்கள் தின்றன. இப்போது அவன் தின்றான்.

"இத்தனை வருஷமும் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்."

"அங்க எனக்கு எதுவும் வந்து சேரல," என்றான். சிரிக்க முயன்றான்.

முன்பு நன்றாகச் சிரிப்பவன். சந்தைத் தூண்களின் கீழே ஊர் ஊராக வரும் ஆசிரியர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் அவளிடம் அவிழ்த்து விடுவான். கூரை ஒழுகிய ஆண்டு அவளுக்கு நினைவிருந்தது.

"இன்னைக்கு ஓடு மாத்தறேன்னு நேத்துச் சொன்னீங்களே."

"நேத்துச் சொன்னவன் வேற ஆளு மெலித்தா. அவன் போயிட்டான். அவன் தின்ன சோறு ரத்தமாயிருச்சு. அவன் முடி நாலு கொட்டிருச்சு. அவன் நெனப்பும் மாறிப்போச்சு. எல்லாம் மாறினப்புறம் எவனப் பிடிச்சுக் கேக்கற?"

"அப்படியா? அப்ப ராத்திரி என் பக்கத்துல வந்து படுக்கறது யாரு? முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையா? இருங்க, ஊரக் கூப்பிடறேன்."

அவன் அன்றைக்கே ஏறி ஓடு மாற்றினான்.

இன்னொன்றும் சொல்வான். கண் எல்லாவற்றையும் பார்க்கும், தன்னைப் பார்க்க முடியாது. இன்னொரு கண்ணுக்குள் பார்த்தால்தான் தெரியும். மனசும் அப்படித்தான், இன்னொரு மனசு வேண்டும். சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பிடித்துக் கிட்டத்தில் வருவான். "உள்ளே ஒருத்தன் இருக்கான். சின்னதா இருக்கான். தாடி வச்சிருக்கான். யாரு அவன்?" என்பான். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வெளிய தள்ளிட்டேன்," என்பாள்.

இப்போது அவர்களுக்கு நடுவே கூடையும் நாலடி மண்ணும் இருந்தன.

கோர்கோவின் கணவன் பெய்சோன் மாலைகளில் வந்தான். லாமோனின் தூண்நிழல் கூட்டாளி அவன். பாதையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேசினான்.

"டேய், எவனும் ரெண்டு நாள் ஒரே ஆளா இருக்கறதில்லன்னு கத்துவியே. இப்ப ஊரே ஒத்துக்கிச்சு. ஜெயிச்சுட்டடா."

"ஜெயிச்சேன்," என்றான் லாமோன். "பரிசா கல்லு குடுத்திருக்காங்க."

"நல்ல கல்லுடா. என் அப்பாவுக்கு வச்சது இதவிடச் சின்னது."

மெலித்தா கூடையை எடுக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனா பெய்சோன், நான் சொன்னது தப்பு," என்றான் லாமோன். "தோத்தப்புறம் என்னை அடிமையா வித்து மாவாட்டற கல்லுல கட்டினாங்க. மாடு செத்துப்போச்சு, அதுக்குப் பதிலா. எஜமான் எனக்கு மானேஸ்னு பேரு வச்சான். முன்னாடி இருந்த அடிமைக்கும் அதே பேருதான். பேர மாத்தற சிரமம் எதுக்குன்னு அவனுக்கு. மானேஸ்னு கூப்பிட்டா கால் தானா நகரும். உடம்பு மானேஸ் ஆயிருச்சு. உடம்பு வேற, அதை வச்சிருக்கறவன் வேறன்னு ஒரு ஆளு சொல்லுவாரே தூண்கிட்ட, செருப்பு வேற கால் வேறன்னு? அது நெசம். செருப்பு அவங்ககிட்ட. காலு எங்கன்னு தேடினேன்."

"கெடச்சுதா?"

"நாலு வார்த்தை கெடச்சுது. எவாந்தெஸ் மகன் லாமோன், ஃபலெரோன்காரன். படுக்கும்போது சொல்லுவேன். எழுந்ததும் சொல்லுவேன். யாருக்கும் கேக்காம. எஜமான் சாகும்போது விட்டுட்டான். கப்பல்காரன் நீ யாருன்னு கேட்டான். இவ்வளவு நாளும் பழகி வச்சது, வாயில தயாரா இருந்துச்சு."

பெய்சோன் கூடையைக் காட்டி, "மெலித்தாவ நெனச்சுக்கிட்டியா?" என்றான்.

லாமோன் அவளைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம்.

"நெனச்சேன். ஆனா மூணாவது வருஷம் முகம் போயிருச்சு. எவ்வளவு முயற்சி பண்ணினாலும் வரல. மூக்கு வரும், நெத்தி வராது. பேரு மட்டும் கெட்டியா நின்னுச்சு."

மெலித்தா கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

திமோநாக்ஸ் திரும்பி வந்து மெலித்தாவின் முற்றத்தில் உட்கார்ந்தார். கால் வீங்கியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"வழி இருக்கு. பிறந்த குழந்தைக்குப் பொம்பளைங்க என்னென்ன செய்வாங்களோ அத்தனையும் செய்யணும்னு கடவுள் வாக்கு. மறுபடி பிறக்கணும். குளிப்பாட்டி, துணியில சுத்தி, மார்ல வச்சு, அடுப்பச் சுத்தித் தூக்கிட்டு வரணும். அப்புறம் பேரு. அப்புறம் அவன் உயிரோட இருக்கறவன்."

"செஞ்சிரலாம் மாமா," என்றாள் மெலித்தா.

"யாரு செய்யறது? அவன் அம்மா இல்ல. அக்கா தங்கச்சி இல்ல. எந்த வீட்டு அடுப்பச் சுத்தறானோ அந்த வீட்டுப் பிள்ளை அவன். எவாந்தெஸ் மகனா இருக்கணும்னா எவாந்தெஸ் அடுப்பு. இந்த அடுப்பு. இந்த வீட்டுல இப்ப ஒரே ஒரு பொம்பளதான்." அவர் அவளைப் பார்க்காமல் கோப்பையின் அடியைப் பார்த்தார். "பெத்தவ பெண்டாட்டியா இருக்க முடியாதும்மா."

கோர்கோ வாசலில் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தாள்.

"எங்க வீட்டுல பிறக்கட்டும். எனக்கு ஏற்கெனவே ஆறு. இது ஏழாவது. தாடியோட பிறக்குது, பல்லு முளைக்கற தொல்லை இல்ல."

"அப்ப அவன் பெய்சோன் மகன்," என்றார் திமோநாக்ஸ். "வேற பேரு வைக்கணும். எவாந்தெஸ் வீட்டுல ஆம்பள வாரிசு முடிஞ்சது. நிலமும் கல்லறையும் என் பக்கம் வந்துரும். எனக்கு அதுல ஆசை இல்ல, ஆனா விதி அதுதான்."

"பெய்சோன் மகன் மெலித்தாவக் கட்டிக்கலாமா?"

"தாராளமா. அவ விதவைதானே."

கோர்கோ மெலித்தாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "எனக்கு மருமகளா வர்றியாடி? என் சமையலக் குறை சொன்னா தொலச்சுருவேன்."

மெலித்தா எட்டு ஆண்டுகளில் முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

லாமோனிடம் பெய்சோன் போய்ச் சொன்னான். லாமோன் நெடுநேரம் கடலைப் பார்த்தானாம். பிறகு, "கோர்கோ வீட்டுக்கே வர்றேன். மெலித்தாகிட்டச் சொல்லு," என்றானாம். தெலோன் என்று பெயர் வைக்கலாம் என்று முடிவாயிற்று. பெய்சோனின் தாத்தா பெயர்.

அன்று மெலித்தா பெட்டியின் அடியிலிருந்து தன் கல்யாணத்துக்கு உடுத்திய மஞ்சள் ஆடையை எடுத்துக் கொடியில் போட்டாள். பூச்சி ஒரு மூலையில்தான் அரித்திருந்தது. உட்கார்ந்து தைத்தாள்.

மறுநாள் விடியும்போதே கூடையோடு கிளம்பினாள். கல்லை நெருங்கும்போது குரல் கேட்டது. நின்றாள்.

அவன் முதுகைக் கல்லில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெய்சோன் மகன் தெலோன். பெய்சோன் மகன்..."

நின்றான். மறுபடி தொடங்கினான்.

"தெலோன். ஃபலெரோன்காரன். பெய்சோன்... மானேஸ்."

வாயைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. மாவுக்கல் இழுப்பவன்போல் அந்தத் தடித்த தோள் முன்னே போய்ப் போய் வந்தது. பிறகு ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய், கல்லில் செதுக்கிய எழுத்துகளைத் தடவிப் பார்த்தான். குருடன் வாசற்படியைத் தடவுவது போல. ஒவ்வோர் எழுத்தாக. மூச்சு மெல்ல அடங்கியது.

அவளுக்குப் புரிந்தது. தெலோன் என்று ஒருவன் அவளிடம் வருவான். ஓடு மாற்றுவான், பக்கத்தில் படுப்பான். அவனை யார் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. எட்டு ஆண்டு அவன் எதைப் பிடித்துக்கொண்டு மிதந்தானோ, கரைக்கு வந்ததும் அதை அவள் பிடுங்கிக்கொள்வாள். முன்பு ஒரு முறை அவனை அன்பினால் புதைத்தாள். இது இரண்டாவது முறை.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு திமோநாக்ஸ் வீட்டுக்குப் போனாள். கிழவர் அப்போதுதான் எழுந்திருந்தார்.

"எங்க வீட்டு அடுப்பத்தான் சுத்தணும் மாமா. நான் பெத்துக்கறேன்."

"யோசிச்சியா?"

"யோசிச்சா முடியாது."

லாமோனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. பிறகுதான் மற்றது வந்தது.

"மெலித்தா, வேண்டாம். நான் பழகிக்குவேன்."

"நீங்க ரொம்ப மோசமா பொய் சொல்றீங்க," என்றாள். "தூண்கிட்ட அத எவனும் சொல்லிக்கொடுக்கலையா?"

மூன்றாம் நாள் சடங்கு. அடுப்பறையில் பெண்கள் மட்டும். திமோநாக்ஸும் பெய்சோனும் முற்றத்தில் காத்திருந்தார்கள். வாசல் நிலையில் ஒலிவக் கிளை வளையம், ஆண் குழந்தைக்கு வைப்பது.

மெலித்தா காலை அகட்டிப் பிரசவ நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததில்லை. அந்த நாற்காலி கோர்கோவிடம் இரவல் வாங்கியது. அவன் அவளுடைய ஆடைக்குள் புகுந்து, பிறப்பதுபோல் கால்களுக்கு நடுவே வெளியே வர வேண்டும். நீண்ட ஆடைதான், ஆனாலும் கழுத்து வழியாக அவனை விட முடியாது என்று கோர்கோ ஆடையின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டிருந்தாள். லாமோன் நிர்வாணமாகக் குனிந்து உள்ளே நுழைந்தான். பாதியில் சிக்கினான்.

"தள்ளும்மா, தள்ளு," என்றாள் கோர்கோ. "தலை பெருசு. தகப்பன் மாதிரி."

ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. துணிக்குள்ளிருந்து அவன் விசும்பல் கேட்டது. குழந்தைகள் அழுதுகொண்டுதான் வரும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

வெளியே வந்து தரையில் கிடந்தான். இப்போது தொடலாம். மெலித்தா தொட்டாள். வெந்நீர் ஊற்றித் தலை கழுவினாள். காதின் பின்புறம், கழுத்து, அந்தத் தோள். முதுகில் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இடுப்பருகே மச்சம் பழைய இடத்தில் இருந்தது. கை அங்கே சற்று நின்றது. பிறகு கால்களைக் கழுவினாள். எண்ணெய் தடவினாள். கம்பளித் துணியால் கைகளைப் பக்கவாட்டில் சேர்த்து இறுக்கிச் சுற்றினாள். தலையை மடியில் எடுத்து மார்போடு சேர்த்தாள்.

பால் இல்லாத மார்பில் அவன் வாய் பட்டது. பல ஆண்டுகளாக அவள் கனவில் வந்த வாய். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"என்னைப் பாரு," என்றான் அவன். யாருக்கும் கேட்காத குரலில்.

குனிந்தாள். அவன் அவளுடைய வலது கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பவனைத் தேடுகிறான் என்று தெரிந்தது. அவள் கண் நிறைந்து வந்தது. மூடினால் வழியும், வழிந்தால் அவன் கலைந்துபோவான். அவள் முடிந்த மட்டும் இமைக்காமல் வைத்திருந்தாள்.

"யாரு இருக்கா?" என்றாள்.

"லாமோன்."

கோர்கோ கதவைத் திறந்தாள். திமோநாக்ஸ் தலைப்பக்கமும் பெய்சோன் கால்பக்கமும் பிடித்து அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. கிழவர் மூச்சிரைத்தார். "எந்தக் குழந்தையும் இவ்வளவு கனத்ததில்லடா," என்றான் பெய்சோன், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல். இறக்கி வைத்ததும் திமோநாக்ஸ் தன் செத்துப்போன தம்பியின் இடத்தில் நின்று அந்த நான்கு சொற்களையும் உரக்கச் சொன்னார். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். துணிக்குள் கட்டுண்டு கிடந்தவனும் சொன்னான். எட்டு ஆண்டில் முதல் முறையாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உங்களுக்குப் பசிக்குதா?" என்று மெலித்தா கேட்டாள்.

திமோநாக்ஸ் இருமினார். "பெத்த பிள்ளைய யாரும்மா நீங்கன்னு கூப்பிடுவா?"

அவள் தலையசைத்தாள். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள்.

"பசிக்குதாப்பா?"

கல்லை அவர்கள் பிடுங்கிப் பின்கட்டில் சாய்த்து வைத்தார்கள். மெலித்தா தன் படுக்கையை மாடியில் மாமியார் இருந்த அறைக்கு மாற்றினாள். லாமோன் சந்தைக்குப் போனான், கோயிலுக்குப் போனான், குலத்தார் வரிசையில் தன் இடத்தில் நின்றான். வீட்டில் அவளை எப்படியும் கூப்பிடாமல் இருக்கப் பழகினான். வேண்டியதை வேறு பக்கம் பார்த்துக் கேட்டான்.

ஒரு மழை நாளில் அவன் அறைக்குப் போர்வை கொண்டுபோனாள். ஒன்றல்ல, இரண்டு. அவன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான். அவள் படியேறும்வரை நின்றிருந்தான்.

அடுத்த ஆண்டு திமோநாக்ஸ் பேச்செடுத்தார். எவாந்தெஸ் வீட்டுக்கு வாரிசு வேண்டும். அதற்காகத்தானே இத்தனையும். பெண் பார்ப்பது தாயின் வேலை. மெலித்தா பார்த்தாள். பக்கத்து ஊரில், பற்கள் வரிசையாக இருந்த, அதிகம் பேசாத ஒரு பெண். பெயர் ஹபிலே.

திருமண நாள் அந்தியில் வண்டி வந்தது. மாப்பிள்ளையின் தாய் இரண்டு கையிலும் பந்தம் பிடித்து வாசலில் நிற்க வேண்டும். மெலித்தா நின்றாள். பந்தப் புகை கண்ணில் ஏறியது வசதியாக இருந்தது. லாமோன் வண்டியிலிருந்து பெண்ணை இறக்கினான். வாசலைக் கடக்கும்போது அவன் பந்த வெளிச்சத்தில் ஒரு கணம் நின்று மெலித்தாவைப் பார்த்தான். பிறகு தலை குனிந்து உள்ளே போனான். கோர்கோ அவர்கள் தலையில் அத்தியும் கொட்டைகளும் கொட்டினாள்.

மெலித்தா அந்தப் பெண்ணைக் கைபிடித்து அறைக்கு அழைத்துப் போனாள். அறை வாசலில் ஹபிலே நின்றுவிட்டாள்.

"அத்தை," என்றாள். "அவரு எப்படிப்பட்டவரு?"

மெலித்தா அவளுடைய முகத்திரையைச் சரி செய்தாள். உள்ளே விரிப்பில் மூன்றாவதாக ஒரு போர்வை மடித்து வைத்திருந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"குளிர் தாங்கமாட்டான்," என்றாள். "நேத்துச் சொன்னவன் வேற ஆளுன்னு எப்பவாவது சொல்லுவான். நம்பாத. அதே ஆளுதான்."